ஐந்து மாத லேப் குட்டி ஊஞ்சல் பலகையைக் கடித்துத் தள்ளுகிறான், என்ன செய்வது?

ஊஞ்சல்வீடு
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு லேப்ரடார் குட்டி பெயர் லட்டு, ஐந்து மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. வந்த புதிதில் செருப்பைக் கடித்தான், குட்டிதானே என்று விட்டோம். அப்புறம் ரிமோட், மகளின் கணக்கு நோட்டு, மாமியாரின் மூக்குக்கண்ணாடி, சோபாவில் ஒரு மூலை, துடைப்பம் இரண்டு. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். போன வாரம் கூடத்து ஊஞ்சலில் வாய்வைத்துவிட்டான். மாமனாரின் அப்பா காலத்துத் தேக்குப் பலகை. பித்தளை வளையம் மாட்டியிருக்கும் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சுரண்டி, கீழே தூள் தூளாகக் கிடந்தது. மாமனார் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் காபி குடித்துக்கொண்டே, "தோட்டம் துரவு இருக்கிறவா யாருக்காவது கொடுத்துடலாமே, அதுக்கும் ஓடியாட இடம் வேணுமோல்லியோ" என்றார். மகள் அன்று பள்ளிக்குப் போகவில்லை.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மகள்தான் முதலில் வருவாள், மூன்றரைக்கு. அதுவரை வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேரும் லட்டுவும். காலையில் இருபது நிமிடம் வாக்கிங் கூட்டிப்போகிறேன். பொம்மை ஒரு கூடை நிறைய இருக்கிறது, எதையும் சீண்டுவதில்லை. திட்டிப் பார்த்தாகிவிட்டது. தப்பு என்று அவனுக்கே தெரிகிறது, நான் உள்ளே நுழைந்ததுமே காதை மடக்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுகிறான். தெரிந்தும் ஏன் செய்கிறான்?

பழைய செருப்பு
மிளகாய்த்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பலகையில் தடவுங்கள். ஒரே நாள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து இதுதான் வைத்தியம்.

தென்னந்தோப்பு
பழைய செருப்பு அண்ணா, அந்தப் பலகையில் ஒரு பெரியவர் வேட்டி கட்டிக்கொண்டு உட்காருகிறார் என்பதை யோசித்தீர்களா 😀

மிளகாய் வேண்டாம் மேடம். வாயில் பட்டதை நாய் முன்னங்காலால் துடைக்கும், அதே காலால் கண்ணையும் தேய்க்கும், அப்புறம் கண்ணுக்கு டாக்டரிடம் ஓட வேண்டும். எங்கள் நாய் ஒன்று மிளகாய் தடவிய கயிற்றை மாங்காய் ஊறுகாய் மாதிரி ரசித்து நக்கியதையும் பார்த்திருக்கிறேன். வேப்பெண்ணெயும் சொல்வார்கள். கூடம் முழுக்க நாறும், தேக்கில் கறை படியும். கடையில் கசப்பு ஸ்ப்ரே என்று விற்கிறார்கள், டினடோனியம் என்கிற படு கசப்பான சமாச்சாரம் கலந்தது. சில நாய்க்குக் கேட்கும், சில நாய்க்குக் கேட்கவே கேட்காது. வாங்கினால் முதலில் ஒரு பஞ்சில் அடித்து லட்டு வாயில் வையுங்கள். முகத்தைச் சுளித்துத் துப்பினான் என்றால்தான் பலகைக்கு அடித்துப் பலன், அதுவும் தினமும் அடிக்க வேண்டும். இதெல்லாம் முட்டுக்கட்டைதான். கடிக்க வேண்டும் என்கிற அரிப்பு உள்ளே அப்படியேதான் இருக்கும், பலகையை விட்டால் அடுத்து நாற்காலிக் கால்.

வயதைப் பாருங்கள். குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்றரை, நான்கு மாதத்தில் விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்தாக வேண்டும். லட்டு இப்போது சரியாக அதன் நடுவில் நிற்கிறான். ஈறு குறுகுறுக்கும், வலிக்கும், எதையாவது அழுத்திக் கடித்தால்தான் இதமாக இருக்கும். தரையில் சோளமணி மாதிரி ஒரு பல் கிடந்தால் பயப்படாதீர்கள், பாதியை அவனே விழுங்கிவிடுவான். பல்லெல்லாம் முளைத்த பிறகும் கடி உடனே நிற்காது, ஒன்றரை வயது வரை அவ்வப்போது தலைகாட்டும். இதை இப்போதே மாமனாரிடம் சொல்ல வேண்டாம்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பழைய போன் ஏதாவது இருந்தால் கூடத்தில் அலமாரி மேல் சாய்த்து வைத்து, நீங்கள் கிளம்பியதிலிருந்து மதியம் வரை வீடியோ எடுங்கள். எத்தனை மணிக்கு, எந்த ஓரத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது என்று தெரியாமல் நாங்கள் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

இரும்புக்கை
இத்தனை பேச்சு எதற்கு? செய்தித்தாளைச் சுருட்டி ஒரு போடு. காதை மடக்கிக்கொண்டு ஒளிகிறான் என்று அவரே எழுதியிருக்கிறாரே, குற்றம் தெரிகிறது என்றுதானே அர்த்தம். தெரிந்து செய்கிறவனுக்கு அடிதான்.

வாலாட்டி
இந்தக் காது மடக்கும் கதையைத்தான் அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்கிற ஆய்வாளர் 2009-இல் சோதித்துப் பார்த்தார். 14 நாய்கள். தின்பண்டத்தை வைத்து "தொடாதே" என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். சில நாய் தின்றது, சில நாய் தின்னவில்லை. ஆனால் திரும்பி வருகிற உரிமையாளரிடம் சொல்லப்பட்டது எல்லா நேரமும் உண்மையில்லை, தின்னாத நாயும் திட்டு வாங்கியது. அந்தக் 'குற்ற முகம்' தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, திட்டு விழுந்ததா என்பதைப் பொறுத்துத்தான் வந்தது. போதாக்குறைக்கு, ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது அதிகமாக இருந்தது.

அதாவது லட்டு மேஜைக்கு அடியில் போவது ஊஞ்சலை நினைத்து இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்து. நீங்கள் சாயங்காலம் வருகிறீர்கள், அவன் கடித்தது காலை பதினொரு மணிக்கு என்று வையுங்கள். அவன் கணக்கில் அம்மா வாசலில் நுழைந்தால் சில நாள் கோபமாக இருக்கிறாள், அவ்வளவுதான். அடித்தால் என்ன கற்றுக்கொள்வான் தெரியுமா இரும்புக்கை சார்? மனிதர்கள் இருக்கும்போது கடிக்கக் கூடாது, தனியாக இருக்கும்போது நிம்மதியாகக் கடிக்கலாம் என்பதைத்தான்.

இரும்புக்கை
நாங்களும் நாய் வளர்த்தவர்கள்தான்.

வாலாட்டி
வளர்க்கவில்லை என்று யார் சொன்னது.

கூரைப்பூனை
ஊஞ்சல் போனால் போகட்டும் அக்கா, வயர்களைப் பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாட்டு நாய்க் குட்டி, நான்கு மாதம். கட்டிலுக்கு அடியில் போன் சார்ஜர் வயர். சுவிட்சை அணைக்காமல் போனை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு. அந்தச் சார்ஜருக்குப் பதில் பக்கத்திலிருந்த டேபிள் ஃபேன் வயரைக் கடித்துவிட்டது. ஒரே ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால் எழுந்து நின்று வாலை ஆட்டுகிறது, நாக்கு ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு. சரி தப்பித்தது என்று பால் ஊற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, வயிறு ஏறி ஏறி இறங்குகிறது, படுக்கவே மாட்டேன் என்கிறது. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். ஷாக் அடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூட இப்படி ஆகுமாம், அதனால் நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் உடனே காட்ட வேண்டுமாம். இரண்டு நாள் ஆக்ஸிஜன். பிழைத்துக்கொண்டது, இப்போது ஒன்பது வயது.

வயர் கடித்துக்கொண்டிருக்கும்போது பார்த்தால் நாயைத் தொடாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள். வயர்களை மேலே தூக்கிக் கட்டுங்கள், முடியாத இடத்தில் பிவிசி பைப்பை நீளவாக்கில் கீறி அதற்குள் வயரை நுழைத்துவிடுங்கள்.

ஊஞ்சல்வீடு
ஐயோ. இன்றைக்கே பார்க்கிறேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு வயரில் பல் தடம் மாதிரி இருக்கிறது, அது எலி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் ஆண்டு
கால்நடை மருத்துவம் படிக்கிறேன், இன்னும் டாக்டர் இல்லை, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடித்துத் துப்புகிறானா, விழுங்குகிறானா? இதுதான் முதல் கேள்வி. கடித்தால் மரவேலைக்காரர் போதும், விழுங்கினால் டாக்டர் வேண்டும். சுவரை நக்குவது, மண், சுண்ணாம்பு தின்பது எல்லாம் சேர்ந்திருந்தால் பூச்சி மருந்து ஒழுங்காகப் போயிருக்கிறதா என்று பாருங்கள், ஈறு வெளிறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாக வருகிறது, அதில் ரத்தம் குறைந்து இப்படிக் கண்டதைத் தின்கிற நாய்கள் உண்டு.

சாக்ஸ், மாங்கொட்டை, சோளக்கட்டை, தலைமுடி ரப்பர் பேண்ட் இவை குடலில் போய் அடைத்துக்கொள்ளும். தொடர்ந்து வாந்தி, சாப்பாடு வேண்டாம் என்பது, மலம் வராதது, இவற்றில் எதைப் பார்த்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நூலோ துணியோ பின்பக்கம் தொங்கினால் பிடித்து இழுக்கவே கூடாது, உள்ளே குடலை அறுத்துவிடும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற கை வைத்தியம் வேண்டாம், உப்பே விஷமாகிவிடும். அந்துருண்டை, எலி மருந்து, ரிமோட்டுக்குள் இருக்கிற பட்டன் பேட்டரி, பெரியவர்களின் மாத்திரை அட்டை இதெல்லாம் நாய் எட்டாத உயரத்துக்குப் போகட்டும். பாராசிட்டமால்கூட நாய்க்கு ஆபத்து. மாடியில் அரளிச் செடி இருக்கிறதா?

ஊஞ்சல்வீடு
இருக்கிறது, பூஜைக்கு. லட்டு மாடிக்குப் போவதில்லை, இருந்தாலும் வேலி போட்டுவிடுகிறோம். விழுங்குவதில்லை தம்பி, தூள் எல்லாம் கீழேதான் கிடக்கிறது. பூச்சி மருந்து போன மாதம் கொடுத்தோம்.

வேட்டைக்கால்
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என்னிடம் சிப்பிப்பாறை, ஒன்றரை வயது, பல் பிரச்சினை கிடையாது. வீட்டில் ஒரு ஆள் இருந்தால் எதையும் தொடமாட்டான். எல்லோரும் கிளம்பினால் வாசல் நிலைக்கதவை மட்டும் கடிக்கிறான். திரும்பி வந்தால் கதவடியில் எச்சில் குளமாக இருக்கிறது. இதுவும் குறும்புதானா?

தென்னந்தோப்பு
இல்லை சகோ, இது வேறு விஷயம். கதவு, ஜன்னல், அதாவது நீங்கள் போன வழியை மட்டும் தாக்குகிறான், எச்சில் ஒழுகுகிறது, நீங்கள் கிளம்பி அரை மணிக்குள் ஆரம்பிக்கிறான் என்றால் அது தனிமை பயம். கடிபொம்மை இதற்கு மருந்தில்லை, பயத்தில் இருக்கிற நாய் கறியைக்கூடத் தொடாது. கூண்டில் அடைக்காதீர்கள், கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வான். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் உட்காருவது, ஒரு நிமிடம் வெளியே போய் வருவது, அப்புறம் மூன்று நிமிடம், இப்படி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். அந்தச் சமயத்தில் முழுநாள் தனியாக விடக் கூடாது, அதுதான் இதில் கஷ்டமான பகுதி. நாய் நடத்தை தெரிந்த டாக்டரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். தனி இழை போடுங்கள், இங்கே ஊஞ்சலோடு கலந்துவிடும்.

ஊஞ்சல்வீடு
வீடியோ எடுத்தாகிவிட்டது. மூன்று நாள். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

காலையில் நாங்கள் போனதும் தூங்குகிறான், இரண்டு மணி நேரம் அசைவில்லை. பதினொன்று பத்துக்கு எழுந்து தண்ணீர் குடிக்கிறான். அந்த நேரம் மாமியாரும் மாமனாரும் சாப்பாட்டை முடித்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், ஏசி வெளியே போகக் கூடாது என்று. லட்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஒரு முறை "ங்" என்கிறான். பதில் இல்லை. நேராக ஊஞ்சலுக்கு வருகிறான். முதலில் கடிக்கவில்லை. நக்குகிறான். வளையம் பலகைக்குள் இறங்குகிற அந்தக் குழியை, பத்து நிமிடம், நாக்கை உள்ளே விட்டு விட்டு நக்குகிறான். நாக்கு எட்டாததும்தான் முன்பல்லை வைக்கிறான். பலகை அசைகிறது, சங்கிலி கிணுகிணு என்கிறது, அவனுக்குக் கொண்டாட்டம், வாலை ஆட்டிக்கொண்டே கடிக்கிறான்.

அந்தக் குழியில் என்ன இருக்கிறது என்று ஊதுபத்திக் குச்சியை விட்டுக் கிண்டினேன். வேர்க்கடலைத் தோல், ஓமப்பொடி, தட்டை உடைசல். ஒரு கைப்பிடி தேறும். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ஊஞ்சலில், அதே ஓரத்தில் உட்கார்ந்து தட்டை சாப்பிடுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீடியோவை அவரிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். "சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேளே, அதைத்தான் நக்கறது" என்றார்.

வாலாட்டி
😂😂 தோட்டம் துரவு கேஸ் வாபஸ்!

லேப்களைப் பற்றி ஒரு தகவல். பசி, எடை சம்பந்தப்பட்ட பிஓஎம்சி என்று ஒரு மரபணு, லேப்ரடார்களில் சுமார் நாலில் ஒன்றுக்கு அதில் ஒரு துண்டு இல்லை என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்களுக்குச் சாப்பாட்டு ஆசை கூடுதல். லட்டு அந்த ரகமோ என்னவோ, தட்டை வாசனையை விடுகிற லேப் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

தென்னந்தோப்பு
இப்போது வேலை சுலபம் மேடம். குழியைப் பழைய பல்துலக்கும் பிரஷ் போட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவி, தேன்மெழுகு வைத்து அடைத்துவிடுங்கள். பகலில் பலகையைச் சங்கிலியிலிருந்து கழற்றிச் சுவரில் உயரமாகச் சாத்த முடிந்தால் அதைவிட நல்லது. கூடத்தில் குழந்தைகளுக்கு மாடிப்படியில் போடுகிற கேட் மாதிரி ஒன்றை வைத்து, பதினொரு மணிக்கு அவனைப் பெரியவர்களின் அறைக்குள்ளேயே விடச் சொல்லுங்கள். ஏசி அறையில் நாய் தூங்கினால் என்ன குறைந்துவிடும்?

அந்த நேரத்துக்கு அவனுக்கு ஒரு வேலை வேண்டும். உள்ளே குடைந்த ரப்பர் பொம்மை வாங்குங்கள். அது பிறந்ததே இப்படி ஒரு நாயால்தான். 1970-களில் அமெரிக்காவில் கொலராடோவில் ஃபோக்ஸ்வாகன் பட்டறை வைத்திருந்த ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்ட் கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது, தூக்கிப் போட்ட பாகங்களில் வேனின் ரப்பர்ப் பகுதி ஒன்றை மட்டும் அது விடவில்லை, அதைப் பார்த்து அவர் செய்ததுதான் காங் பொம்மை. அதற்குள் தயிர்சாதத்தைக் குழைய மசித்து, உப்பு, தாளிப்பு, வெங்காயம் எதுவும் இல்லாமல், அடைத்து ராத்திரி ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். காலையில் கல்லாக இருக்கும். ஈறுக்குக் குளிர்ச்சி, நக்கி முடிக்க முக்கால் மணி நேரம், முடித்ததும் அவனே தூங்கிவிடுவான். அந்த அளவைக் காலைச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் லட்டு பூந்திக்கூடை ஆகிவிடுவான்.

எங்கள் தோப்பில் இளநீர்க் கூட்டைத் தருவோம், உயிரையே விடுவார்கள். ஆனால் நாரை விழுங்க ஆரம்பித்தால் பிடுங்கிவிட வேண்டும், அதனால் ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும். ஞாயிற்றுக்கிழமை எலும்பு வேண்டாம், வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும். எது வாங்கினாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது அமுங்க வேண்டும். அமுங்காத பொருள் பல்லைப் பிளந்துவிடும்.

பழைய செருப்பு
கூடை நிறைய பொம்மை இருக்கிறதே, அதை ஏன் சீண்டுவதில்லை?

தென்னந்தோப்பு
எந்நேரமும் கண் முன்னால் கிடந்தால் அது பொம்மையில்லை, தட்டுமுட்டுச் சாமான். மூன்றை மட்டும் வெளியே வைத்து, மற்றதைப் பீரோவில் போட்டு, நாலு நாளைக்கு ஒரு முறை மாற்றினால் புதுசு மாதிரி பாய்வான். நாம் ஒரு முனையைப் பிடித்து இழுத்து விளையாடினால்தான் அதற்கு உயிர் வரும்.

இன்னொன்று, வாயில் ரிமோட்டோடு ஓடினால் துரத்தாதீர்கள். துரத்தல் விளையாட்டு என்று நினைப்பான், பதற்றத்தில் விழுங்கவும் செய்வான். ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் காட்டி "விடு" என்று சொல்லுங்கள், விட்டதும் கொடுங்கள். அவன் பொம்மையிலேயே பத்து நாள் பழக்கினால் போதும், அப்புறம் சாக்ஸுக்கும் வேலை செய்யும்.

கூரைப்பூனை
வாக்கிங்கில் இழுத்துக்கொண்டு ஓடாமல் மோந்து பார்க்க விடுங்கள் அக்கா. ஒரு விளக்குக் கம்பத்தை அஞ்சு நிமிடம் படித்தால் அரை கிலோமீட்டர் நடந்த களைப்பு வருகிறது. ராத்திரி ஏழு மணிக்குப் பேய் பிடித்த மாதிரி ஓடிக் கண்டதைக் கடித்தால் அது பெரும்பாலும் தூக்கக் கலக்கம், இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் தூங்க வேண்டும். மகளோடு விளையாட்டை நிறுத்தி இருட்டான மூலையில் விட்டால் அஞ்சாவது நிமிடம் குறட்டை.

ஊஞ்சல்வீடு
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், மகளுக்குப் பரீட்சை.

தயிர்சாதம் பிரமாதமாக வேலை செய்கிறது. மாமனாரே இப்போது அடைக்கிறார், மாமியார் அளவு சரியில்லை என்று பக்கத்தில் நிற்கிறார். நடுவில் இரண்டு நாள் ஃப்ரீஸரில் வைக்க மறந்தோம், அந்த இரண்டு நாளும் ஒரு தலையணை, ஒரு குடை. வயர் எல்லாம் மேலே போய்விட்டது. ஃபிரிட்ஜ் வயரை மாற்றிவிட்டோம், எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு இது எலியில்லை என்றார். "விடு" நாலு தடவைக்கு மூன்று தடவை கேட்கிறான். நேற்று கூடத்தில் ஒரு கடைவாய்ப்பல் கிடந்தது, மகள் தீப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறாள். ஊஞ்சல் பகலில் சுவரோரம் நிற்கிறது, சாயங்காலம் நாலு மணிக்கு மாட்டுகிறோம். தட்டை இப்போது மடியில் துண்டு விரித்துச் சாப்பிடப்படுகிறது, லட்டு எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் எண்ணுகிறான்.

பலகை ஓரத்தை அரை அங்குலம் இழைத்தால் சரியாகிவிடும் என்று ஆசாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். மாமனார் அடுத்த வருடம் வரச் சொல்லிவிட்டார். "ஒன்றரை வயசு வரைக்கும் கடிக்குமாமே, அந்தத் தளத்துல போட்டிருக்காளே. முடிச்சதுக்கப்புறம் ஒரே செலவாப் பண்ணிக்கலாம்."

தென்னந்தோப்பு
அவர் இதைப் படிக்கிறாரா!! முன்னாடியே சொல்லக் கூடாதா மேடம்.